நண்டு வளை

குளிர்சாதனப் பெட்டியின் தலையில் குந்தியிருக்கிறது
கீல் உடைந்த பழைய மடிக்கணினி.
லினக்ஸ் போட்டபோது பெயர் கேட்டது,
நண்டு என்று வைத்தேன்.
திறந்தால் மூடாது, மூடினால் திறக்காது,
அதனால் இருக்கலாம்.

வீடு ஓபர்பார்மனில், வேலை ஃபோவிங்கலில்.
மேலே தண்டவாளம், கீழே பாதித் தூரம் ஆறு, மீதித் தூரம் தெரு,
நடுவே அரை மணி தொங்கிக்கொண்டு போகிறேன்.
முதியோர் இல்லத்து இரவுப் பணியில்
மூன்று மணிக்கு ஒரு வெறும் நேரம் வரும்.
யாரும் மணி அடிக்காத நேரம்.
அப்போதுதான் ஞாபகம் வரும்
பாதியில் விட்ட வரிக் கணக்கும்
முடியாத ஒரு மொழிபெயர்ப்பும்
நண்டின் வயிற்றில் கிடப்பது.

ஒரு வாசல் திறந்து வைத்தேன்.
முதல் இரவே வந்துவிட்டார்கள்.
ரூட் என்றார்கள், அட்மின் என்றார்கள்,
டெஸ்ட், கெஸ்ட், ஆரக்கிள் என்றார்கள்,
நாலாயிரத்து நூற்றுப் பதினேழு தடவை.
எல்லாம் பதிவேட்டில் இருக்கிறது.
ஒருவன் மரியா என்று தட்டியிருக்கிறான்.
ஒரே தடவை.
எந்த மரியாவைத் தேடி வந்தானோ.

எங்கள் பக்கத்தில் சாவிக்குத் திறப்பு என்று பெயர்.
ஒரே கட்டளையில் இரண்டு திறப்புச் செய்தேன்.
பொதுத் திறப்பை யாருக்கும் காட்டலாம்.
தனித் திறப்பை
எனக்கே கூடக் காட்டாமல் இருப்பது நல்லது.
பொதுவை நண்டிடம் கொடுத்தேன்,
தனியைப் பையிலிருக்கும் சின்னக் கணினியில் புதைத்தேன்.
பிறகு, இனி வெளியிலிருந்து வருகிற
எவர் சொல்லும் கடவுச்சொல்லும் செல்லாது
என்று ஒரு வரி எழுதிச் சேமித்து
ரயிலுக்கு ஓடினேன்.

இருந்த ஜன்னலை மூடுமுன்
இன்னொரு ஜன்னலில் சோதித்துப் பார்.
பாலபாடம். தெரியும்.
ரயில் ஆறு பதினெட்டுக்கு.

மூன்று மணி.
அனுமதி இல்லை என்றது நண்டு.
மறுபடி கேட்டேன். இல்லை.
பிறகுதான் உறைத்தது:
திறப்பை வைத்த அடைவை
எல்லாரும் எழுதலாம் என்று அகலத் திறந்து விட்டிருக்கிறேன்.
அப்படிக் கிடக்கிற இடத்தில் உள்ள எதையும்
நண்டு நம்பாது.
நான் வளர்த்த வளர்ப்பு.

மூன்றாம் மாடி பிர்கிட்
பேக்கரிக்குப் போக இரண்டரைக்கே எழும்புகிறவள்.
என் வீட்டுத் திறப்பு, இரும்பாலானது,
அவளுடைய சாவிக்கொத்தில் இருக்கிறது,
நான் இல்லாத வாரங்களில் கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்ற.
ஸ்டூலில் ஏறி நிற்கிறேன், சொல்லு, என்றாள் தொலைபேசியில்.
கடவுச்சொல் கேட்கிறது உன் பிசாசு.

நாலாயிரம் பேருக்குச் சொல்லாததை
நடைபாதையில் நின்று உரக்கச் சொன்னேன்.
கருவாடு. ஆங்கில எழுத்தில்.
அவளுக்கு அது புரியாது, ஆகவே எழுத்துக்கு ஒரு பெயராய்,
இந்த நாட்டில் சொல்லுகிறபடி:
காஃப்மன். ஆன்டன். ரிச்சர்ட். உல்ரிஹ்.
விக்டர். மறுபடி ஆன்டன்.
டோரா.
மறுபடி உல்ரிஹ்.
உள்ளே வந்தாச்சு, என்றாள் பிர்கிட்.

சி எச் எம் ஓ டி, இடைவெளி, ஏழு,
இரண்டு பூச்சியம், என்று நான் தொடங்க,
ஒன்பதாம் அறையிலிருந்து ஆல்பர்ஸ் அம்மாள் கூப்பிட்டாள்:
டோராவா? டோரா வந்துட்டாளா?

கொஞ்சம் பொறு, என்றேன், இரண்டு பேருக்கும்.
அடைவின் பெயரைச் சொல்லி முடித்தேன்.
பிர்கிட் பொத்தானைத் தட்டுகிற சத்தம் கேட்டது,
ஸ்டூல் நகர்கிற சத்தம்,
இந்தக் கோப்பையைக் கழுவ மாட்டாயா என்கிற சத்தம்.
சின்னக் கணினியில் ஒரு வரி நகர்ந்தது.
நண்டு என் பெயரைச் சொல்லி
வரவேற்றது.

ஒன்பதாம் அறையில் விளக்குப் போடாமல்
கட்டிலருகே போய் நின்றேன்.
வந்துட்டா, என்றேன்.
எல்லாரும் வந்துட்டாங்க.

அப்போ கதவைச் சாத்து, என்றாள்,
குளிர் அடிக்கிறது.